நாற்பது துப்பாக்கிக் கட்டைகள்

கௌஸ் முகைதீன் துப்பாக்கியைத் தோளில் சாத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, யஹ்யாவின் முதுகைக் குறி பார்த்தார். யஹ்யா திரும்பவில்லை. குனிந்த தலை நிமிராமல் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

சுட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. குழலும் விசையும் அர்பாப் வீட்டு இரும்புப் பெட்டகத்தில் பத்திரமாக இருந்தன. அரபு நாட்டில், அல் கூஸில் இருந்த அந்த மரப்பட்டறைக்கு வந்தவை தோளில் சாத்தும் வெறும் மரக்கட்டைகள்தான். ஆனால் கௌஸ் முகைதீனின் வயிற்றெரிச்சல் நிஜமானது.

அர்பாப், அதாவது முதலாளி, என்று எல்லோரும் அழைத்த அந்த அரபிப் பெரியவருக்குப் பழைய ராணுவத் துப்பாக்கி என்றால் பைத்தியம். லைசென்ஸோடு நாற்பது வைத்திருந்தார். இரும்பெல்லாம் நன்றாக இருக்க, மரம் மட்டும் உளுத்துப் போயிருந்தது. ஏதோ ஒரு ராணுவம் கழித்துக்கட்டிய கட்டைகளையும், கை சுடாமல் இருக்கக் குழல்மேல் மாட்டும் மரமூடிகளையும் பெட்டி பெட்டியாக வாங்கிவந்து பட்டறையில் இறக்கினார்.

பாலிஷ்காரர்கள் இருவரும் ஆளுக்கு ஒரு ஜோடி பொறுக்கிச் சரிசெய்ய வேண்டும். யாருடையது பிடிக்கிறதோ அவருக்கே மொத்த வேலையும். கூடவே அர்பாபின் தோட்டத்தில் தங்க வீடு, ஃபேமிலி விசா. பட்டாளத்துக்காரன் கையில் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஃபேமிலி விசா என்றதும் கௌஸ் முகைதீனுக்குக் கீழக்கரையில் இருக்கும் மெஹர்பானுவின் ஞாபகம் வந்தது. கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம். லீவுகளை எல்லாம் கூட்டினாலும் இருவரும் சேர்ந்து வாழ்ந்தது இரண்டு வருஷம்கூடத் தேறாது. பட்டறையில் அவர் பதினாலு வருஷ ஆள். அதிராம்பட்டினத்து யஹ்யா வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஊர்ப் பழக்கப்படி அவரை அண்ணன் என்ற அர்த்தத்தில் காக்கா, காக்கா என்று சுற்றி வருவான். அந்த மரியாதையும் இப்போது அவருக்குக் கசந்தது.

சீனியர் என்ற முறையில் முதலில் பொறுக்கியவர் அவர்தான். கீறல் இல்லாத வால்நட் கட்டையாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். யஹ்யா எடுத்தது அடிபட்டுக் குழி விழுந்த ஒன்று. ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியால் ஆவி காட்டிக் குழிகளை எழுப்பினான். கட்டையும் மூடியும் ஒரே மரத்தில் அறுத்தவை போல நிறம் சேர்த்தான். பாலிஷ் ஏற ஏற அதில் டியூப்லைட் தெரிந்தது. கௌஸ் முகைதீனின் கட்டையிலும் தெரிந்தது, ஆனால் கொஞ்சம் மங்கலாக.

அந்தக் கொஞ்சத்தை அவரால் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை மூன்று மணிக்கு அர்பாப் வருவதாக ஏற்பாடு. காலையில் யஹ்யா விசா மெடிக்கலுக்குப் போய்விட்டான். மற்றவர்கள் சைட்டில். பட்டறையில் கௌஸ் முகைதீனும் இரண்டு கட்டைகளும் மட்டும்.

யஹ்யாவின் கட்டையில் பாலிஷைக் கரைக்கும் தின்னர் ஒரு சொட்டு தெளித்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தார். பொறாமை என்ன ஒரு சொட்டோடு நிற்குமா? துடைக்கத் துடைக்க மொத்தப் பாலிஷும் கழன்று வந்தது. வெளுத்த மரத்தைப் பார்த்ததும் பயம் பிடித்துக்கொண்டது. பால் இல்லாத சுலைமானி டீயின் வண்டல் கெட்டிலில் மிச்சமிருந்தது. நிறம் வரட்டும் என்று அதை அள்ளித் தேய்த்தார். மெஷின் துடைக்கிற கிரீஸ் துணியால் அதற்கு மேலும் ஓர் இழுப்பு இழுத்தார். கட்டை கறுத்து, திட்டுத்திட்டாக, பார்க்கவே சகிக்கவில்லை. அவருக்கு மனசு நிறைந்தது.

பன்னிரண்டரைக்கு யஹ்யா வந்தான். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மறுபடி பாலிஷ் ஏற்ற இரண்டு நாளாவது வேண்டும்.

"ஹியூமிடிட்டி, தம்பி," என்றார் கௌஸ் முகைதீன். "ஜூலை மாசத்துல பாலிஷ் இப்புடித்தான் வேர்த்துப்போகும்."

சாப்பிட உட்கார்ந்தபோது யஹ்யா அவருடைய கறுத்த நகங்களை ஒருமுறை பார்த்தான். பிறகு ஊறுகாய் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான். பாவம், நம்பிவிட்டான் என்று அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மூன்று மணிக்கு அர்பாப் வந்தார். கௌஸ் முகைதீனின் கட்டையை விரலால் தட்டிப் பார்த்து, ஹோட்டல் மேசை மாதிரி இருக்கிறதே என்று சொல்லி ஓரமாக வைத்துவிட்டார். மற்றதைக் கையில் எடுத்து உள்ளங்கையால் தடவினார். தோளில் சாத்தி, கன்னத்தை அதில் பதித்துப் பார்த்தார். ஐம்பது வருஷம் வெயிலிலும் வியர்வையிலும் கிடந்த மரம் இப்படித்தான் இருக்கும், என் தகப்பனாரின் துப்பாக்கியும் இதே நிறம்தான் என்றார். இது யார் வேலை என்று கேட்டார்.

கௌஸ் முகைதீனின் வாய் தானாகத் திறந்தது. நான்தான் என்று சொல்லலாம். ஆனால் அடுத்தவன் கட்டையில் உனக்கென்ன வேலை என்று கேட்டால்? வாய் மூடிக்கொண்டது.

கட்டையில் தொங்கிய சீட்டில் யஹ்யாவின் பெயர் இருந்தது. அர்பாப் அவன் தோளைத் தட்டினார். நாற்பதும் இதே மாதிரி வர வேண்டும், இம்மியும் மாறக் கூடாது, சனிக்கிழமை கிளம்பி வந்துவிடு, கலாஸ், முடிந்தது என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

மெஹர்பானுவுக்குக் கிடைக்க வேண்டிய விசாவைக் கௌஸ் முகைதீன் தன் கையாலேயே தேய்த்து அவனுக்குக் கொடுத்திருக்கிறார். இதை யாரிடம் சொல்லி அழுவது?

வண்டி கண்ணுக்கு மறையும்வரை யஹ்யா வாசலில் நின்றான். பிறகு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்:

"காக்கா, எதப் போட்டுத் தேச்சீங்க?"