இடி மாஸ்டரின் மாணவி

"ஓடு!" என்று பெரியவர் ஒரு குரல் கொடுத்தார். பல் டாக்டரம்மா பறந்தார்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது. போன மாதம் வரை குதிரையைப் படத்தில் மட்டுமே பார்த்தவர். இன்று அந்தச் சாம்பல் நிறப் பெண்குதிரையின் மேல் கம்பு நட்டதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து, மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார்.

"திரும்பு! அப்படித்தான். நட! ம்... நில்லு!"

சொல்லி வாய் மூடுவதற்குள் குதிரை நின்றது. டாக்டரம்மா சாவகாசமாக நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த குதிரை வைத்தியர் கைதட்டினார். பெரியவர் அதைக் கவனிக்காதவர்போல மீசையைத் தடவிக்கொண்டார்.

அவர் நின்றிருந்தது மைதானத்தின் நடுவே இருந்த மரமேடை. தாத்தா நின்று, அப்பா நின்று, நாற்பது வருடமாக இவரும் நின்று, பலகையில் இரண்டு பாதம் அளவுக்குப் பள்ளமே விழுந்திருந்தது. 'இடி மாஸ்டர்' என்று பெயர் வாங்கிக் கொடுத்த குரலும் அந்த மேடையோடு சேர்ந்து வந்த குடும்பச் சொத்துதான்.

அந்த மேடைக்குத்தான் இப்போது பங்கம் வந்திருந்தது. வீட்டுக்கு வந்த மருமகளும் குதிரையேற்றம் கற்றுக்கொடுப்பவள். ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். முதல் பத்து நாள் மாணவரைக் குதிரைக்கு உடம்பு தேய்த்துவிடச் சொல்வாள். அடுத்த பத்து நாள் கண்ணை மூடி மேலே உட்காரவைத்து, "இப்போ எந்தக் காலை எடுத்து வைக்குதுன்னு சொல்லுங்க" என்பாள்.

"இது சவாரிப் பள்ளிக்கூடமா, தியான மண்டபமாம்மா?" என்று பெரியவர் ஒருநாள் கேட்டேவிட்டார். "எங்க பரம்பரையில குதிரையைத் தூங்கவெச்சுப் பாடம் நடத்தினவங்க யாரும் இல்லை."

"குதிரை தூங்கலை மாமா. மேல இருக்கிறவங்க முழிச்சுக்கணும்னுதான்."

பேச்சு வளர்ந்து பந்தயத்தில் வந்து நின்றது. ஆளுக்கொரு புது மாணவர், இருவருக்கும் ஒரே குதிரை, ஒரு மாத அவகாசம். குதிரை வைத்தியர்தான் நடுவர். ஜெயித்தவருக்கு மேடை, தோற்றவர் இனிமேல் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அப்படித் தான் நிற்பதை நினைத்துப் பார்த்தபோதெல்லாம் பெரியவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்து மருமகளின் முறை. அவளுடைய மாணவர் ரொட்டிக் கடைக்காரர், தொப்பையும் தானுமாகக் குதிரையில் ஏறி உட்கார்ந்தார். மருமகளோ மேடைப் பக்கமே போகவில்லை. வேலிக்கு வெளியே, மேடையை விட்டு இறங்கி வந்து நின்றிருந்த மாமனாருக்குப் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இப்பவே நின்னு பழகிக்கிறியாம்மா?" என்றார் பெரியவர்.

அவள் சிரித்துக்கொண்டாள்.

குதிரை நடந்தது. திரும்பியது. பிறகு மெல்ல ஓடவும் ஆரம்பித்தது. மைதானத்தில் குளம்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. பெரியவர் வேலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். போதாக்குறைக்கு வைத்தியர் வேறு, பார்த்தது போதும் என்பதுபோல் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"எங்கய்யா கிளம்பிட்ட? நில்லு! முழுசாப் பாத்துட்டுப் போ!" என்று பெரியவர் அதட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் குதிரை சட்டென்று நின்றுவிட்டது. ரொட்டிக் கடைக்காரர் முன்னால் சரிந்து அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா!" பெரியவர் வேலியில் ஓங்கித் தட்டினார். "நல்லா ஓடிட்டு இருந்தது, நட்டநடுவுல நின்னுபோச்சு! மேல இருக்கிற ஆளுக்கு அதட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தா இப்படி ஆகுமா?"

மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். தோல்வி வாயை அடைத்துவிட்டது என்று பெரியவர் நினைத்துக்கொண்டார்.

வைத்தியர் தாடையைச் சொறிந்தார். "நின்னது நின்னதுதானே. இடி மாஸ்டருக்குத்தான் மேடை."

"உங்களுக்குத்தான் மாமா" என்றாள் மருமகளும். முகம் கொஞ்சமும் கோணவில்லை. நல்ல இடத்துப் பெண் என்று பெரியவர் மனசுக்குள் ஒத்துக்கொண்டார். ஜெயித்தவன் கொஞ்சம் தாராளமாக இருப்பதில் குடும்பத்துக்குக் கௌரவம்தான்.

"வாரத்துல ஒரு நாள் நீயும் ஏறி நின்னுக்கோம்மா" என்றவர், பல் டாக்டரம்மாவைக் கையசைத்துக் கூப்பிட்டார். "ஒரு மாசத்துல என்கிட்ட என்ன கத்துக்கிட்டீங்கன்னு இவங்களுக்கு நீங்களே சொல்லுங்க."

டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல். "பயமே போயிடுச்சு மாஸ்டர்! நாளைக்குக் காலையில இந்தச் சாம்பல் குதிரைமேல ஏறி ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வரலாம்னு இருக்கேன்."

"பேஷா!" பெரியவர் மருமகளுக்குக் கேட்கும்படி சொன்னார். "தனியாவே போங்க. இனிமே உங்களுக்கு யார் துணையும் வேண்டாம்."

டாக்டரம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"ஐயையோ, நீங்க கூட வந்து சொல்லாட்டி அது எப்படி மாஸ்டர் நகரும்?"