எட்டு வரலை

"எங்க அவன்?" என்று கேட்டார் தயாளன்.

துர்கா அடுப்பைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். "கிரவுண்டுக்குப் போயிருக்கான்."

"ஞாயித்துக்கிழமையுமா? அந்த அம்மாவுக்கு ஸ்கூட்டி கத்துக்குடுக்கவா?"

"ம்."

"டீக்கடையில கேக்கறானுங்க, 'என்ன தயாளா, பையன் டிரைவிங் ஸ்கூல் வெச்சுட்டானா'ன்னு. இதுக்குத்தான் இன்ஜினியரிங் படிக்க வெச்சேனா?"

துர்கா மீன் வாங்கும் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

சோழிங்கநல்லூரில் மகன் உதயா வேலை பார்த்த கம்பெனியில் ஆள் குறைத்தபோது அவனையும் அனுப்பிவிட்டார்கள். அன்று அறைக் கதவைச் சாத்தியவன்தான். படுத்தபடியே செல்போனில் சீனப் படங்களாகப் பார்த்துக்கொண்டிருப்பான். சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும். பாதி மிச்சத்தோடு வெளியே வரும். அப்பாவும் பிள்ளையும் பேசி மாதக்கணக்காயிற்று.

அந்தக் கதவைத் தட்டியவள் அஞ்சம்மாள். கோவளத்துக்காரி. அறுபதைத் தாண்டியவள். மகளோடு எதிர்வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்தாள்.

"கண்ணு, எம் மவ வினிதா ரயில்ல வேலைக்குப் போறா. அவ ஸ்கூட்டி சும்மா நிக்குது. எனக்கு ஓட்டக் கத்துக்குடு."

"என்னால முடியாது பெரிம்மா. வேற யாரையாவது கேளுங்க."

"வேற யாரு சும்மா கீறாங்க இந்தத் தெருவுல? நீதான் கீறே."

துர்காவுக்குத் திக்கென்றது. ஆனால் உதயா எழுந்து உட்கார்ந்தான்.

"அந்தச் சீனாக்காரங்க எங்கியும் ஓடிப் போயிட மாட்டாங்க. வா" என்றாள் அஞ்சம்மாள்.

அதற்குப் பிறகு தினமும் விடிந்ததும் தெருவில் நின்று, "வாத்தியாரே!" என்று குரல் கொடுப்பாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வருவான்.

வாரங்கள் ஓடின. நேராக ஓட்ட வந்துவிட்டது. எட்டு மட்டும் வரவில்லை. பாதி வளைவில் காலை ஊன்றிவிடுவாள். ஆர்.டி.ஓ. முன்னால் கால் ஊன்றினால் லைசென்ஸ் கிடையாது.

"உங்களை எட்டுப் போட வைக்காம விடமாட்டேன் பெரிம்மா" என்று உதயா பிடிவாதமாக நின்றான்.

தயாளனுக்குத்தான் பொறுக்கவில்லை.

தாம்பரம் மார்க்கெட்டில் எப்போதும் வாங்கும் சவுரிமுத்துவிடம் மீன் வாங்கும்போது மனக்குறையைக் கொட்டிவிட்டார்.

"கோவளத்து அம்மா ஒண்ணு, அஞ்சம்மான்னு பேரு. ஸ்கூட்டி கத்துக்கறேன்னு எம் பையன் காலத்தையே வீணாக்குதுப்பா."

சவுரிமுத்துவின் கத்தி நின்றது. "எந்த அஞ்சம்மா? உசரமா, கையில பச்சை குத்தினு?"

"ஆமா."

பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சவுரிமுத்து சிரித்தான்.

"அது கத்துக்குதா? நல்லாக் கேட்டீங்க போங்க! மொபெட்ல பின்னாடி ரெண்டு பெட்டி மீனக் கட்டிக்கினு, விடியறதுக்குள்ள கோவளத்துலருந்து இங்க வந்து நிக்கும் சார் அந்தக்கா. மழையாவது, வெள்ளமாவது! லைசென்ஸும் வெச்சிருந்திச்சு. எனக்கே வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தது அதுதான்!"

தயாளனுக்கு ரத்தம் கொதித்தது. ஏமாற்றுக்காரி! பொழுது போகாமல் என் பிள்ளையை வைத்து விளையாடுகிறாளா? நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவது என்று, வீட்டுக்குக்கூடப் போகாமல் ஏரிக்கரை கிரவுண்டுக்கு வண்டியை விட்டார்.

ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் குரல்தான் கேட்டது.

"கீழ பாக்காதீங்க! பார்வை முன்னாடி! மெதுவா... மெதுவா... ஐயோ, ஏன் பெரிம்மா காலை வெச்சீங்க?"

"பயமா கீது வாத்தியாரே."

"கோவளத்துக் கடலைப் பாத்து வளந்தவங்க இந்த வளைவுக்கா பயப்படறீங்க?"

உதயா சிரித்தான். அது முன்பு தன் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு என்று தயாளனுக்குத் தெரியச் சற்று நேரமாயிற்று. மதில் ஓரமாகவே நின்றுவிட்டார்.

"நாளைக்குக் காலைல சீக்கிரம் முடிச்சுக்கணும் பெரிம்மா. கிண்டியில எனக்கு இன்டர்வியூ."

"சொல்லவேயில்ல?"

"கெடைக்குமான்னு தெரியல."

"கெடைக்கலன்னா செவ்வாக்கெழமை வேற எடத்துக்குப் போ. அதுவும் இல்லன்னா இன்னொண்ணு. ஆனா காலைல எனக்கு எட்டு சொல்லிக்குடுத்துட்டுப் போ."

சொல்லிக்கொண்டே திரும்பியவள் தயாளனைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த பையையும் பார்த்தாள்.

"மீனா தம்பி? எங்க வாங்கினீங்க?"

"தாம்பரம் மார்க்கெட்ல. சவுரிமுத்து கடை."

அஞ்சம்மாளின் கை பிரேக்கை இறுகப் பிடித்தது. உதயாவைக் கண்ணால் காட்டி, வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையசைத்தாள்.

உதயாவும் அப்பாவைப் பார்த்துவிட்டான். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "அப்பா... இதோ கிளம்பிட்டேன்" என்றான்.

தயாளன் மண்ணில் பதிந்திருந்த சக்கரத் தடத்தைப் பார்த்தார். எட்டின் மேல் சுழி கோலம் போட்டதுபோல் அத்தனை சுத்தமாக இருந்தது. நடுவில், நிற்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில், ஒரு கால் தடம்.

பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எட்டு இன்னும் சரியா வரலையே அக்கா" என்றார். "அவசரப்படாதீங்க. எம் பையன் நல்லாத்தான் சொல்லிக்குடுக்கறான். வர்ற வரைக்கும் விடாதீங்க."