கோபுரம் வைத்த மரவீடு

பாமதிக்கு ஏழாவது சம்பந்தம் அமெரிக்காவிலிருந்து வந்தது. தரகர் கணேசலிங்கம் பிளேஸ்டோவில் இருந்த அவர்களின் வீட்டுக்கு ஆல்பத்தோடு வந்தார். குசினி வாசலில் நின்ற பாமதிக்கு அம்மா தவநாயகிதான் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினாள்.

"இதென்ன, முழுக்க வீட்டுப் படம்? மாப்பிள்ளை எங்கை?"

"தூணுக்குப் பக்கத்திலை நிக்கிறார், வடிவாப் பாருங்கோ அக்கா. நூற்றுப் பதின்மூண்டு வருசத்துக்கு முந்தி ஒரு கப்பல் கப்டன் கட்டின மரவீடு. மூலையிலை கோபுரம், செதுக்கின படிக்கட்டு!"

"எங்கடை வீடும் நூறு வருசப் பழசுதான். ஒருத்தரும் படம் எடுக்கேல்லை."

பாமதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். முந்தின ஆறு பேரையும் வேண்டாமென்றவள் அவள்தான். ஏனென்று யாருக்கும் சொன்னதில்லை.

கணேசலிங்கம் தொண்டையைச் செருமினார். "ஒரு சின்ன விசயம். சுவரெல்லாம் அந்தக் காலத்துக் கடதாசி ஒட்டினது. புகை பட்டால் பழுதாப் போகுமாம். அதாலை பொரிக்க, தாளிக்க ஏலாது. மாப்பிள்ளை பேக்கரிப் பாணும் சலாட்டும்தான் சாப்பிடுறவர்."

தவநாயகி ஆல்பத்தைப் படாரென்று மூடினாள். "தாளிக்க ஏலாத வீட்டுக்கு என்ரை பிள்ளையை அனுப்புறதோ? வேண்டாம்!"

"ஒரு செத்தல் மிளகாய்கூடப் பொரிக்க ஏலாதோ, மாமா?" என்று பாமதி கேட்டாள்.

"ஏலாது, பிள்ளை."

"அப்ப எனக்குச் சம்மதம்."

"எடியே, பின்னேரம் கலியாணவீட்டுக்கு ஐந்நூறு வடை குடுக்கோணும்!" என்று அம்மா அலறினாள்.

முழங்கைவரை அப்பியிருந்த உழுந்து மாவை வழித்துவிட்டு, அம்மா எடுத்த ஓடர்களுக்காகப் பதினொரு வருடம் சனிக்கிழமைதோறும் வடை சுட்ட அந்த அடுப்பைப் பாமதி அணைத்தாள்.