வலது ஓரக் கட்டை

இன்றும் தவறு விழுந்தது. அம்மா தையல் மிஷினின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள்.

அவர் சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்திருந்தார். தோள் அசையவில்லை. ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

பியானோவில் மகள் சிட்டு நிறுத்தவில்லை. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதே தவறு. முன்னைவிடப் பலமாக.

தெருவில் அவருக்குச் சுருதிக்காரர் என்று பெயர். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது தொழில். அந்தக் காதை வைத்துத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. கோபமும் அதே காது வழியாகத்தான் உள்ளே போகும்.

போன வருட விடுமுறையில் சிட்டு ஒரே ஒரு கட்டையைத் தப்பாகத் தொட்டாள். அவர் குளியலறையிலிருந்து முகத்தில் சோப்பு நுரையோடு வந்தார். பியானோ மூடியை ஓங்கி இறக்கினார். அவள் விரல்களை இழுத்துக்கொண்டது கடைசி நொடியில்.

"தப்பாக் கத்துக்கிறதுக்குக் கத்துக்காமலே இருக்கலாம்" என்று சொல்லி, அதைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு வருடம் சிட்டு பியானோ இருந்த பக்கமே திரும்பவில்லை. குளிக்கும்போது முணுமுணுக்கிற பாட்டுகூட நின்றுபோயிற்று.

இந்த விடுமுறை தொடங்கிய அன்று சாயங்காலம் அவளாகவே அவர் எதிரில் போய் நின்றாள். "அப்பா, சாவி குடுங்க. எனக்கு மறுபடி வாசிக்கணும்."

அவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடங்கள் மூடியிருக்கும் இந்த மாதத்தில்தான் அவருக்கு வேலை குவியும். இந்த முறை எல்லாவற்றையும் வேண்டாமென்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தார். கேட்டதற்கு, "லீவு எல்லாருக்கும்தானே?" என்றார்.

அம்மா பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள். "எங்க வீட்டுல ஒரே நாள்ல ரெண்டு அதிசயம். மழை கொட்டப்போகுது. துணியெல்லாம் எடுத்து உள்ள போட்டுக்கங்க."

மழை வரவில்லை. புழுக்கம்தான் வந்தது.

சிட்டு தினமும் ஒரே பாட்டைத்தான் வாசித்தாள். முதல் நாள், கீச்சென்று ஒலிக்கும் வலது ஓரக் கடைசிக் கட்டையில் தவறினாள். மறுநாள் அதற்கு இரண்டு கட்டை இந்தப் பக்கம். நாளாக ஆக, தவறு இன்னும் வேகமாக உள்ளே நகர்ந்து வந்தது.

அவர் ஒரு நாள்கூட வாயைத் திறக்கவில்லை. அதுதான் அம்மாவுக்குப் பயமாக இருந்தது. சேர்த்து வைக்கிறார். ஒரே நாளில் கொட்டுவார்.

மூன்றாம் நாள் சொல்லிப் பார்த்தாள். "அந்த இடம் வந்தா மெதுவாத் தொடுடி."

"மெதுவாத் தொட்டா ஆகாதும்மா."

நான்காம் நாள் அம்மா சாவியை எடுத்துப் பொத்தான் டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். சிட்டு வீட்டையே தலைகீழாகப் புரட்டிக் கண்டுபிடித்துவிட்டாள். "இதை மட்டும் எடுக்காதேம்மா" என்று கெஞ்சினாள்.

இன்று ஏழாம் நாள். தவறு மீண்டும் விழுந்தது. அடுப்பில் கெட்டில் வேறு வீலென்று கத்த ஆரம்பித்தது. அம்மா ஓடிப் போய் அணைத்தாள்.

"ரெண்டடி தள்ளித்தானே உக்காந்திருக்கீங்க? எழுந்து அணைச்சா கிரீடம் கழண்டு விழுந்துடுமா?"

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "பேப்பர்ல மூழ்கிட்டேன்."

பிறகு பேப்பரை நாலாக மடித்தார். நாற்காலியைத் தள்ளி எழுந்தார். நேராகப் பியானோவை நோக்கி நடந்தார்.

அம்மா கைப்பிடித் துணியோடு அப்படியே நின்றாள். அவர் மூடியின் மேல் கையை வைத்தார். சிட்டு வாசித்துக்கொண்டே இருந்தாள். இந்த முறை விரல்களை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் முகத்தையே பார்த்தபடி அந்தத் தப்பான கட்டையை அழுத்தினாள்.

அவர் மூடியைத் தடவினார். "நல்லா வாசிக்கிறே, சிட்டு. இன்னிக்கு ஒரு தப்புகூட இல்ல."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வாசற்கதவு சாத்திக்கொண்டது.

அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "தப்பிச்சேடி. எதுக்கு இப்படி அவரைச் சீண்டறே? வேணும்னுதானே தப்பா அடிக்கிறே?"

"ஆமா."

"போன வருஷம் பட்டது போதலையா உனக்கு?"

சிட்டு கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணிக்கொண்டு வந்தாள்.

"லீவு விட்ட அன்னிக்குத் தெருவுல அப்பா பின்னாடி போய் சைக்கிள் பெல் அடிச்சேம்மா. அடிச்சுக்கிட்டே இருந்தேன். அவர் விலகவே இல்ல. அதான் சாவி கேட்டேன். கடைசிக் கட்டை மட்டும்தான் அவருக்குக் கேக்கலைன்னு நினைச்சேன். இன்னிக்குப் பாதி தூரம் வந்துட்டேன்."

அம்மா கெட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அதன் மூக்கில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

சிட்டு அழத் தொடங்கினாள்.

"அப்பா ஒரு தடவையாவது திட்டணும்மா."