நீலத்தில் வந்தவள்

"அந்தப் பொம்பளையைப் பாருடி! நீலத்துல வந்து நிக்கிறா!"

ஹீ-ரான் தன் தங்கையின் இடுப்பில் இடித்துக் காட்டினாள். கல்யாண மண்டபத்தின் மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்து வயதான ஒரு பெண் இறங்கியிருந்தாள். வெளுத்துப்போன நீலத்தில் ஹன்போக் என்கிற கொரியப் பாரம்பரிய உடை, மேல்சட்டையில் பெட்டிக்குள் வருஷக்கணக்காகக் கிடந்த மடிப்புக் கோடு. பாவாடைக்குக் கீழே, சந்தைக்குப் போட்டுக்கொண்டு போகிற கான்வாஸ் ஷூ எட்டிப் பார்த்தது.

கல்யாணத்தில் ஹன்போக் உடுத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. பெண்ணைப் பெற்றவளுக்கு ரோஸ், பிள்ளையைப் பெற்றவளுக்கு நீலம். நெருங்கின சொந்தம் வேண்டுமானால் போனால் போகிறதென்று வேறு நிறத்தில் உடுத்தலாம். மற்றவர்கள் கோட்டையோ கவுனையோ மாட்டிக்கொண்டு வந்து, தின்றுவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். இது நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும் என்பது ரோஸ் பட்டில் ஜொலித்துக்கொண்டிருந்த ஹீ-ரானின் கட்சி.

இன்றைக்கு ஒரு சின்னக் குறைகூட வந்துவிடக் கூடாது. சர்ச் தோழிகள் பட்டாளமாக வந்திருந்தார்கள். மகளுக்குப் பெரிய இடம் வாய்த்திருக்கிறது என்று அவர்களிடம் மாதக்கணக்கில் அளந்துவிட்டிருந்தாள். சம்பந்தி வீட்டு மரியாதைதான் இனி இவள் மரியாதை.

அந்த மரியாதை, சம்பந்தியம்மாவின் உருவத்தில், வாசலில் மாப்பிள்ளை தோ-கியோமின் பக்கத்தில் நின்று விருந்தாளிகளுக்குக் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆழ்ந்த நீலப் பட்டு, கலையாத கொண்டை, கேட்டால் மட்டும் திறக்கிற வாய். புருஷன் போன பிறகு ஒண்டியாகவே மகனை டாக்டருக்குப் படிக்க வைத்தவளாம். இரண்டு வீட்டாரும் சந்தித்த விருந்தில் ஒரே ஒரு முறை பார்த்ததற்கே ஹீ-ரான் சொக்கிப் போயிருந்தாள்.

அந்த நீலத்துக்குப் பக்கத்தில் இந்தச் சாயம்போன நீலமா? தோழிகள் பார்த்தால் என்ன ஆகும்!

"மொய் மேஜைப் பக்கமே திரும்பலக்கா. கையில கவரும் இல்ல" என்றாள் தங்கை. "கீழ பஃபேக்குன்னு வந்த கேஸு."

ஹீ-ரான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று போனாள்.

"ஏம்மா, யாரு நீங்க?"

"கல்யாணத்துக்கு வந்தேம்மா."

"அது தெரியுது. பொண்ணு பக்கமா, மாப்பிள்ளை பக்கமா?"

"மாப்ள பக்கம்." கையில் மீன் கத்தி பட்டுக் காய்த்த தழும்புகள். அவளுடைய கண் ஹீ-ரானைத் தாண்டி வாசலுக்குப் போனது.

"அப்படியா? இப்பவே கேட்டுடறேன்." ஹீ-ரான் திரும்பிக் குரல் கொடுத்தாள். "மாப்பிள்ளை! இவங்க உங்க சொந்தமாமே?"

தோ-கியோம் ஏறிட்டுப் பார்த்தான். பிறகு வெள்ளைக் கையுறையை விரல் விரலாக இழுத்துச் சரி செய்துகொண்டான்.

"தெரியலையே அத்தை. யாரோ."

"இப்ப என்ன சொல்றீங்க?" ஹீ-ரான் இடுப்பில் கை வைத்தாள்.

அந்தப் பெண் மாப்பிள்ளையின் கையுறையையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அசட்டுச் சிரிப்பு, ஹீ-ரானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கண்ணு சரியாத் தெரியலம்மா. மாடி மாறி எறங்கிட்டேன். எம் புள்ள கல்யாணம் வேற மாடியில."

"அதானே பாத்தேன்! மாடிக்கு ஒரு கல்யாணம் நடக்குது. வாசல்ல எழுதிப் போட்டிருக்கிறத படிச்சுட்டு ஏறக் கூடாதா? நம்ம மானத்தை வாங்கறதுக்குன்னே வந்து சேருதுங்க!"

"தப்புதாம்மா. மன்னிச்சுக்கங்க."

"எந்தப் பொண்ணு குடுத்து வச்சவளோ, இப்படி ஒரு மாமியார் வந்து வாய்க்கறதுக்கு!" என்றாள் தங்கை, காதில் விழட்டும் என்றே. அக்காளும் தங்கையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தப் பெண் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டாள். லிஃப்டுக்குத் திரும்பியவள், என்ன நினைத்தாளோ, சம்பந்தியம்மாவின் முன்னால் போய் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஹீ-ரானுக்கு உயிரே போய்விட்டது.

"இந்த நீலம் உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்கும்மா. போட்டோவுல நல்லா விழும்."

சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினாள். கதவு மூடிக்கொண்டது.

"பீடை ஒழிஞ்சுது!" ஹீ-ரான் மூச்சு விட்டாள். நல்லவேளை, தோழிகள் யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. உள்ளே மணி அடித்து, இரண்டு தாய்மார்களும் மெழுகுவர்த்தி ஏற்ற வரும்படி அழைத்தார்கள்.

ரோஸும் நீலமும் கைகோத்து நடந்து போவதை ஊரே பார்க்கப் போகிறது. ஹீ-ரான் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சம்பந்தியம்மாவை அழைக்க வாயெல்லாம் பல்லாக ஓடினாள்.

சம்பந்தியம்மா மூடின லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் திரும்பி, தலையைத் தூக்காமல் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தாள். ஹீ-ரான் பின்னால் வந்து நிற்பது தெரியாமல், தணிந்த குரலில் கேட்டாள்:

"தம்பி, அம்மா செத்துப் போயிட்டாங்கன்னு சொல்லித்தானே என்னை வாடகைக்குக் கூப்பிட்டீங்க?"