இளமதிக்கு எதிராக ஒரு ஓட்டு

இளமதியின் உயிர் இரண்டு ரூபாய். டி.வி. தொடரில் யார் வாழ்வது, யார் சாவது என்று நேயர்களே காசு கட்டி ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கும், பாத்திரங்களும் திரையிலிருந்தே திருப்பிக் கேள்வி கேட்கும் காலம் அது. விருதுநகர் வத்தல் வியாபாரி தவசிலிங்கம் பேரம் பேசாமல் காசு கொடுப்பது இதற்கு மட்டும்தான்.

அவர் 'சாகட்டும்' என்று அழுத்தியதும், திரையிலிருந்த இளமதி அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணாச்சி, நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"பிள்ளை காய்ச்சல்ல கெடக்கு. நீ வேலைதான் பெருசுன்னு பெங்களூர்ல ஒக்காந்திருக்க. பொம்பளையா நீ?"

"என் வீட்டுக்காரர் மூணு வருஷம் துபாய்ல இன்னொருத்தியோட இருந்தாரு. அவருக்கு மன்னிப்பு ஓட்டுப் போட்டீங்களே?"

"அவன் பாவம்மா. சூழ்நிலை அப்படி."

சொல்லிவிட்டுத் திரும்பினால், மகள் கனிமலர் கையில் போனோடு நின்றிருந்தாள். பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டுப் புனேயில் வேலைக்குச் சேர, அவள் அன்றைக்குள் பதில் அனுப்ப வேண்டும். அவரும் காலையில் சந்தோஷமாகத் தலையாட்டியிருந்தார்.

"வரலைன்னு அனுப்பிட்டேன்ப்பா."

"ஏத்தா, அது கதை. நெஜத்துல அப்படிச் சொல்வேனா?"

"கதையில வர்றவளையே விட மாட்டேங்கிறீங்க. என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா என்னைய விடுவீங்களா?"

தவசிலிங்கம் ஓட்டைத் திரும்ப வாங்கப் பார்த்தார், முடியவில்லை. முடிவு வந்தது. இளமதி செத்துப்போனாள். துபாய்க்காரன் அழகாக அழுதான்.

எதற்கும் கணக்குப் பார்க்கிற மனுஷன் அன்றும் பார்த்தார். மன்னிப்பில் துபாய்க்காரனுக்கு முழுசாகக் கொடுத்தாகிவிட்டது. இளமதி, கனிமலர் இரண்டு பேருக்கும் பாக்கி.