ஒற்றை நட்சத்திரம்

"எனக்கு அந்த ஆளோட குரல் வேணும். இல்லேன்னா இந்த மாசத்தோட சந்தாவை நிறுத்திடுவேன், ஆமா!"

போனில் வியெஸ்லாவா போட்ட சத்தம் மாடிப்படி வரை கேட்டது. கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு டனூட்டா வாசலிலேயே நின்றுவிட்டாள். வார்சாவின் இந்தக் குடியிருப்புக்கு அவள் வந்து பதினைந்து நாள்தான் ஆகிறது.

சமையலறையில் வியெஸ்லாவாவின் கணவர் லுடோமிர் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு, ராஸ்பெர்ரி பாகு கலந்த டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமையிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்குத் தொண்டையைத் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான்.

"சப்டைட்டில் இருக்குங்க மேடம்" என்றான் போனில் டிவி சந்தா கம்பெனிக்காரன்.

"பீட்ரூட் சூப்பைக் கிண்டிக்கிட்டே எழுத்தை எப்படிப்பா படிக்கிறது? கண்ணு அடுப்புல இருக்கும், காதுதான் டிவியில இருக்கும்!"

"அந்தத் தொடருக்குப் பார்க்கிறவங்க போட்ட மார்க் ரொம்பக் குறைச்சல் மேடம். அதான் இந்த வாரத்துலேர்ந்து குரலை நிறுத்திட்டோம். நீங்களே குரல் இருந்த எட்டு எபிசோடுக்கும் ஒத்தை நட்சத்திரம்தான் போட்டிருக்கீங்க."

"ஐயோ, அது கதைக்குப் போட்டதுப்பா! குரலுக்கா போட்டேன்?"

அதற்குள் லைன் போய்விட்டது.

போலந்தில் எங்களுக்கு வெளிநாட்டுத் தொடர் என்றால் ஒரே ஒரு ஆண் குரல்தான். கதாநாயகி கதறினாலும், குழந்தை சிணுங்கினாலும், வில்லன் மிரட்டினாலும், அத்தனை வசனத்தையும் அவர் ஒருவரே ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்துவிட்டுப் போவார். அது இல்லாமல் பார்த்தால் எங்களுக்குப் படம் பார்த்த மாதிரியே இருக்காது.

"போனா போகுது, விடுங்கக்கா. அவ்வளவு நல்ல தொடரா அது?" என்று உள்ளே வந்தாள் டனூட்டா.

"நல்ல தொடரா? கண்றாவி! அரை மணி நேரத்துல முடியுற கதையை ஒம்பது எபிசோடா இழுத்திருக்கானுங்க. அந்த டாக்டரம்மாவுக்கு மூணு தடவை ஞாபகம் போயிடுச்சு, இனிமே எனக்குத்தான் போகணும். ஒரே இருட்டு வேற, யார் யாரைக் குத்துறான்னு பார்க்க டிவிக்கு டார்ச் அடிக்கணும்!"

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"எல்லாத்துக்கும் மேல, கடைசியில 'வாசித்தவர்'னு பேரைச் சொல்ல அந்த மனுஷன் வாயைத் திறக்கிறதுக்குள்ள அடுத்த எபிசோட் பாய்ஞ்சு வந்துடுது. பேரைக்கூடச் சொல்ல விடமாட்டானுங்களா, பாவிங்க!"

"நானும்தான் பார்த்தேன். இவ்வளவு திட்டுறவங்க எதுக்குக்கா உட்கார்ந்து பார்த்தீங்க?"

"அந்தக் குரலுக்குத்தான்."

"அடக் கடவுளே! ரயில் வர்ற நேரத்தை அறிவிக்கிற மாதிரி படிக்கிறாரு, அதுல என்ன இருக்கு?"

"உனக்குத் தெரியாது. போன வாரம் 'நீ இல்லாம எனக்கு யாருமில்லை'ன்னு சொன்னாரே, எனக்கு அழுகையே வந்துடுச்சு."

டனூட்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐம்பத்து நான்கு வயதுப் பெண்மணி பேசுகிற பேச்சா இது! சமையலறையை எட்டிப் பார்த்தாள். லுடோமிரின் கை டீக் கோப்பையோடு பாதியில் நின்றிருந்தது, காது மடல் சிவந்திருந்தது.

"மெதுவாக்கா, வீட்டுக்காரர் காதுல விழுது."

"விழட்டும், விழணும்னுதான் சொல்றேன்! நிறுத்தினதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எவனோ போன்ல சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

சொல்லிக்கொண்டே வியெஸ்லாவா அலமாரி மேலிருந்த சூட்கேஸை இழுத்துப் போட்டாள். கையில் கிடைத்த துணியையெல்லாம் அதில் திணித்தாள்.

"லுப்லின்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன், திரும்பி வர்றதா இல்லை. ஏதோ அந்தக் குரலைக் கேட்டுக்கிட்டுக் காலத்தை ஓட்டினேன், அதுவும் போச்சு. இந்த வீட்டுல ஒரு நாளைக்கு ரெண்டே வசனம். 'உப்பு எங்கே', 'லைட்டை அணை'. இருபத்தாறு வருஷமா இதே கதை. இதுக்கு அந்த ஒத்தை நட்சத்திரம்கூடக் கிடையாது!"

டனூட்டாவுக்குக் கோபமே வந்துவிட்டது. பதினைந்து நாளில் லுடோமிர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லைதான், படியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார். அதற்காக ஒரு மனுஷனை இப்படியா அவமானப்படுத்துவது?

"போதும்க்கா! கட்டின புருஷன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்காரு. எவனோ கூலிக்குப் படிக்கிறவனுக்காகப் பெட்டி கட்டுறீங்களே, நல்லாவா இருக்கு?"

வியெஸ்லாவா சூட்கேஸை இழுத்து மூடி, கோட்டை மாட்டிக்கொண்டு, வாசலுக்கு நடந்தாள்.

லுடோமிர் எழுந்து வந்தார். கழுத்திலிருந்த துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாசலை மறித்து நின்று, தொண்டையைச் செருமினார்.

"போகாதே, வியெஸ்யா. நீ இல்லாம எனக்கு யாருமில்லை."

ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. டனூட்டா திடுக்கிட்டு டிவியைத் திரும்பிப் பார்த்தாள். டிவி அணைந்திருந்தது.

வியெஸ்லாவா சூட்கேஸைக் கீழே வைத்தாள். கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரை முறைத்தாள்.

"ஸ்டுடியோவுல கூலிக்கு ஆயிரம் தடவை படிச்சிருப்பே, வீட்டுல இன்னிக்குத்தான்யா சொல்றே!"